‘தூக்கி போனில் போட வேண்டியதுதானே’ என்று கேட்ட வாசகருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் கடிதம் பகுதியில் ஒருவர், கடிதம், அறிக்கை, அட்டவணை எல்லாம் தயாரிக்க உதவும் லிப்ரே ஆபீஸ் என்ற மென்பொருள் பற்றிக் கோபமாக எழுதியிருந்தார். கணினியில் அது காசில்லாமல் கிடைக்கிறது, நிரலும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து கிடக்கிறது, அப்படியிருக்க அதைத் தூக்கி போனில் போட வேண்டியதுதானே, இத்தனை வருடமாக யாரும் செய்யாமல் இருப்பது சோம்பேறித்தனம், நம் ஊர் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரே செமஸ்டரில் முடித்துவிடுவார்கள் என்பது அவர் வாதம். கோபம் நியாயம்தான். வீட்டில் கணினி கிடையாது, போன் மட்டும்தான் என்கிற மாணவர்கள் நம் ஊரில் ஏராளம், அவர்கள் ப்ராஜெக்ட் அறிக்கை அடிக்க பிரவுசிங் சென்டருக்குப் போய் மணிக்கணக்குக்குக் காசு கட்டுகிறார்கள். ஆனால் அவர் போட்ட கணக்கு தப்பு. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் சி பிளஸ் பிளஸ் என்ற கணினி மொழியில் நிரல் எழுதிப் பிழைப்பவன் நான், கணினிக்கென்று எழுதிய பெரிய நிரல்களை போனுக்குக் கொண்டுபோவதும் என் வேலையில் ஒரு பகுதி, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், பணத்தைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

முதலில், யாரும் செய்யவில்லை என்பதே சரியில்லை. 2011 அக்டோபரில் பாரிஸில் நடந்த லிப்ரே ஆபீஸ் மாநாட்டிலேயே ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் கொண்டுபோகும் வேலை நடக்கிறது என்று அறிவித்தார்கள். ஆண்ட்ராய்டில் பைலைத் திறந்து பார்க்க ஒரு ‘வியூவர்’ 2015 மே மாதம் வந்தது, திருத்தும் வசதி அதில் சோதனை நிலையில்தான் இருந்தது. உட்கார்ந்து எழுதித் திருத்தலாம் என்று சொல்லக்கூடிய ஒன்று, கொலாபோரா ஆபீஸ் என்ற பெயரில், 2020 வாக்கில்தான் நம் கைக்கு வந்தது. அதன் அடியில் ஓடுவதும் இதே லிப்ரே ஆபீஸ் நிரல்தான், இன்றைக்கும் பிளே ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆரம்பத்திலிருந்து கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒன்பது வருடம். இதே தொழிலில் ஊறியவர்கள், சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தவர்களும் சேர்த்து, இவ்வளவு காலம் எடுத்தார்கள் என்றால் அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல மனசு வராது.

ஏன் இவ்வளவு நாள் என்பதற்கு அந்த நிரலின் வயதைப் பார்க்க வேண்டும். 1980-களில் ஜெர்மனியில் ஸ்டார் டிவிஷன் என்ற நிறுவனத்தில் தொடங்கிய கதை அது. 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கியது, 2000-இல் ஓப்பன் ஆபீஸ் என்று நிரலைத் திறந்து விட்டது, அப்புறம் சன்னையே ஆரக்கிள் வாங்க, 2010 செப்டம்பரில் பலர் பிரிந்து வந்து டாக்குமெண்ட் பவுண்டேஷன் என்று ஒன்றை அமைத்து லிப்ரே ஆபீஸ் என்று பெயர் வைத்தார்கள். அரைக் கோடி வரிகளுக்கு மேல் நிரல். அதன் உள்ளே எழுதியிருந்த குறிப்புகளில் நிறைய ஜெர்மன் மொழியில் இருந்தன, அவற்றை ஆங்கிலத்துக்கு மாற்றவே தன்னார்வலர்கள் பல வருடம் உட்கார்ந்தார்கள். போன் என்றால் பட்டன் வைத்த நோக்கியா என்று இருந்த காலத்துக்கும் முன்னால் எடுத்த முடிவுகள் அந்த நிரலின் அடித்தளத்தில் இருக்கின்றன.

‘இன்றைய போன் பழைய கணினியைவிட வேகமானது, பிறகு என்ன தடை’ என்றும் அந்த வாசகர் கேட்டிருந்தார். ஆமாம், வேகமானதுதான். 2005-இல் 256 எம்பி நினைவகத்தோடு ஓப்பன் ஆபீஸ் ஓட்டியவர்கள் நாம், இன்றைக்குச் சாதாரண போனிலேயே அதைப்போலப் பல மடங்கு இருக்கிறது. தடை வேகத்தில் இல்லை.

நிரலை போனுக்காக கம்பைல் செய்வதிலிருந்து, அதாவது சிப் புரிந்துகொள்ளும் வடிவத்துக்கு மாற்றுவதிலிருந்து பார்ப்போம், அதுவே ஒரு சடங்கு. போனுக்குள் வைத்து இவ்வளவு பெரிய நிரலை கம்பைல் செய்ய முடியாது, கணினியில் செய்து போனுக்கு அனுப்ப வேண்டும். ஆனால் லிப்ரே ஆபீஸ் உருவாகும்போது இடையில் அதுவே சில கருவிகளை உருவாக்கி அவற்றை ஓட்டித்தான் மேலே போகும். அந்தக் கருவிகளைக் கணினியின் சிப்புக்கும், மீதியை போனின் ஆர்ம் சிப்புக்கும் என்று ஒரே வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். அதோடு அது நம்பியிருக்கிற பிற நூலகங்கள் (மற்றவர்கள் எழுதி வைத்த தயார் நிரல்கள்), ஐசியு, ஃப்ரீடைப், ஹார்ஃபபஸ், கெய்ரோ என்று பெரிய பட்டியல், எல்லாவற்றையும் அதேபோல் ஆர்முக்கு உருவாக்கியாக வேண்டும். கணினியில் லிப்ரே ஆபீஸ் நூற்றுக்கு மேற்பட்ட சிறு சிறு நூலகங்களாகப் பிரிந்து கிடக்கும், பழைய ஆண்ட்ராய்டால் அத்தனையை ஏற்ற முடியவில்லை, எல்லாவற்றையும் ஒரே பெரிய பைலாகக் கட்டினார்கள். ஐபோனில் இன்னொரு தலைவலி, ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிதாக நிரல் துண்டுகளை உருவாக்கி ஓட்ட ஆப்பிள் விடாது. லிப்ரே ஆபீஸின் உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு அப்படிப்பட்ட துண்டுகள்தான் பாலம், அதனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே தயாரித்து உள்ளே வைத்து அனுப்ப வேண்டியதாயிற்று. இவ்வளவும் முடிந்தால் திரையில் ஒன்றும் தெரியாது. நிரல் ஓடுகிறது, அவ்வளவுதான்.

அடுத்தது யார் முதலாளி என்கிற பிரச்சினை. கணினியில் இந்த நிரல் சொந்த வீட்டில் இருப்பதுபோல் இருந்து பழகியது, திறந்தால் நாம் மூடும்வரை அது பாட்டுக்கு இருக்கும். போனில் அது வாடகைக்குக் குடியிருப்பது, வீட்டு ஓனர் எந்த நேரத்திலும் வெளியே போ என்பார். நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு கால் வருகிறது, பேசி முடித்து வாட்ஸ்அப் பார்த்துவிட்டு கேமராவைத் திறக்கிறீர்கள், நினைவகம் பத்தவில்லை என்று ஆண்ட்ராய்டு சத்தமில்லாமல் இந்தச் செயலியைக் கொன்றுவிடும். திரும்பி வந்தால் விட்ட இடத்தில் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்போம். அந்த எதிர்பார்ப்பைக் கனவிலும் நினைக்காமல் எழுதிய நிரலில் அதைப் புகுத்துவது லேசான காரியமில்லை. பைல் விஷயமும் இதே கதைதான். கணினியில் பைலுக்கு ஒரு முகவரி உண்டு, லிப்ரே ஆபீஸ் அந்த இடத்துக்கே போய்ப் படிக்கும், பக்கத்திலேயே ‘நான் திறந்து வைத்திருக்கிறேன்’ என்று ஒரு பூட்டுப் பைலையும் போட்டு வைக்கும். ஆண்ட்ராய்டு 10, 11 வந்த பிறகு செயலிகள் கண்ட இடத்தில் கை வைக்க முடியாது, வாட்ஸ்அப்பில் வந்த பைலைத் திறந்தால் முகவரிக்குப் பதில் ஒரு அனுமதிச் சீட்டுதான் கிடைக்கும். அதை வைத்துத் தனியாக ஒரு நகல் எடுத்து, அதில் திருத்தி, மறுபடி மூலத்தில் எழுத வேண்டும். நடுவில் செயலி செத்துப்போனால் எது சரியான நகல் என்று தீர்மானிக்கவும் வேண்டும்.

திரை இருக்கிறதே, அங்கே பெரும்பாலானவர்கள் கையை விரித்துவிடுகிறார்கள். மவுஸ் அம்பின் நுனிக்கென்று செய்த பட்டன்களும், பெட்டிக்குள் பெட்டியாகத் திறக்கும் சாளரங்களும் விரலுக்கு உதவாது. அதனால் அந்த முகப்பையே கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே இருக்கும் எஞ்சினை மட்டும் வைத்து, அது பக்கத்தைச் சதுரம் சதுரமாக வரைந்து தரட்டும், காட்டுவதையும் விரலைக் கவனிப்பதையும் வேறொன்று பார்த்துக்கொள்ளட்டும் என்று பிரித்தார்கள். 2015-இல் வந்த வியூவரில் அந்தச் சதுரங்களைக் காட்டும் பகுதியை பயர்பாக்ஸ் பிரவுசரின் ஆண்ட்ராய்டு பதிப்பிலிருந்து எடுத்துக்கொண்டார்கள், கொலாபோரா செயலியில் பிரவுசரில் ஓடும் ஆன்லைன் பதிப்பின் முகப்பையே போனுக்குள் வைத்தார்கள். நிரலை எல்லாருக்கும் திறந்து வைக்கும் ‘திறந்த மூல’ முறையின் லாபம் இதுதான், ஆனால் இப்படி ஒட்டிய இடத்தில்தான் நம் தமிழ் போய் மாட்டிக்கொள்கிறது.

போன் கீபோர்டில் தமிழ் அடிக்கும்போது என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். கணினியில் ஒரு விசையைத் தட்டினால் ஒரு எழுத்து, முடிந்தது. போனில், குறிப்பாக ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கிக்கொள்பவர்களுக்கு, கீபோர்டு ஒரு சொல்லைத் தற்காலிகமாக வைக்கும், அடுத்த எழுத்து வந்ததும் முழுச் சொல்லையும் அழித்துவிட்டு வேறொன்றை வைக்கும், பரிந்துரையைத் தொட்டால் மறுபடி மாற்றும். எந்த விசை அழுத்தப்பட்டது என்று செயலி கேட்டால் ஆண்ட்ராய்டு பல நேரம் 229 என்ற ஒரே எண்ணைத்தான் சொல்லும், அதற்கு ‘ஏதோ நடக்கிறது, பொறு’ என்று அர்த்தம். எஞ்சின் ஒரு பக்கம், முகப்பு ஒரு பக்கம் என்று பிரிந்திருக்கும் செயலியில் இந்த அழித்தலும் எழுதுதலும் இரண்டு இடத்திலும் ஒன்றுபோல் நடக்க வேண்டும். ஒரு இடத்தில் தவறினாலும் துணைக்கால் தனியாக நிற்கும், கொம்பு இரண்டு முறை விழும், பின்னோக்கி அழித்தால் புள்ளி மட்டும் போவதற்குப் பதில் எழுத்தே போகும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்பவர்கள் கண்ணில் இது படவே படாது. இதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

எழுத்துரு பற்றிச் சொல்லாமல் விட்டால் திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை டிடிபி கடைக்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். உலகப் பொதுத் தரமான யூனிகோடில் அடித்த தமிழுக்கு இப்போது பெரிய சிக்கல் இல்லை, எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் ஹார்ஃபபஸ் என்ற நூலகத்தையே ஆண்ட்ராய்டும் பயன்படுத்துகிறது, லிப்ரே ஆபீஸும் 2017-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து எல்லாத் தளங்களிலும் அதற்கு மாறிவிட்டது. ஆனால் நம் ஊர்ப் பழைய பைல்கள் எத்தனை யூனிகோடில் இருக்கின்றன? கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பத்திர நகல், பள்ளிக்கூடக் கேள்வித்தாள் என்று பாமினி, வானவில் போன்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்தவை மலைபோல் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத போனில் பாமினி பைலைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கிடக்கும், மெய்யெழுத்தின் புள்ளி இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் அரைப்புள்ளி நிற்கும். கணினியில் எழுத்துருவை நிறுவிக்கொள்ளலாம், பெரும்பாலான போன்களில் அது முடியாது, செயலியே உள்ளே கொண்டுவந்தால்தான் உண்டு. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது 2010-இல், அதற்கு முந்தைய கோப்புகளின் கதி இன்னும் தொங்கலில்தான் இருக்கிறது. பழைய எழுத்துருவில் வந்த பைலைத் திறக்கும்போதே கண்டுபிடித்து யூனிகோடாக மாற்றித் தரும் ஒரு வசதியை இந்தச் செயலிக்குள் சேர்த்தால் தமிழர்களுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் வேண்டாம், ஆனால் பெர்லினிலோ கேம்பிரிட்ஜிலோ உட்கார்ந்து இந்த நிரலை எழுதுபவருக்கு பாமினி என்றால் என்னவென்றே தெரியாது.

லிப்ரே ஆபீஸ் ஒன்றுதான் இப்படித் திண்டாடியது என்று நினைக்க வேண்டாம். பயர்பாக்ஸ் முதலில் கணினியில் இருந்த முகப்பு முறையையே ஆண்ட்ராய்டுக்குக் கொண்டுவந்தது, மந்தமாக இருக்கிறது என்று அதைத் தூக்கிப்போட்டு 2012-இல் புதிதாக எழுதியது, 2020-இல் அதையும் தூக்கிப்போட்டு மறுபடி எழுதியது. அந்த இரண்டாவது மாற்றத்தில் பயனர்கள் வைத்திருந்த நீட்சிகளில் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை நிரல்கள்) பெரும்பாலானவை வேலை செய்யாமல் போய்ப் பெரிய சத்தம் எழுந்தது. கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள் 2020-இல் ஆண்ட்ராய்டுக்கு வந்தபோது கைக்கணினிக்கும் குரோம்புக்குக்கும் மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள், போனின் சின்னத் திரைக்கு முகப்பு பொருந்தாது என்று ஒப்புக்கொண்ட நேர்மை எனக்குப் பிடித்தது. வீடியோ ஓட்டும் விஎல்சி-க்கு வந்தது சட்டச் சிக்கல். அதன் உரிமமும் ஆப்பிள் கடையின் விதிகளும் ஒத்துவரவில்லை என்று 2011 ஜனவரியில் கடையிலிருந்தே நீக்கப்பட்டது, பங்களித்தவர்களைத் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்கி உரிமத்தை மாற்றி 2013-இல்தான் திரும்ப வர முடிந்தது. எல்லாரிலும் சமர்த்து மின்னஞ்சல் மென்பொருளான தண்டர்பேர்டுதான். கணினி நிரலை போனுக்கு இழுக்கவே இல்லை, ஏற்கெனவே ஆண்ட்ராய்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கே-9 மெயில் என்ற திறந்த மூலச் செயலியை 2022-இல் தன்னோடு சேர்த்துக்கொண்டு, அதையே செப்பனிட்டு 2024 அக்டோபரில் தன் பெயரில் வெளியிட்டது.

சரி, பணத்துக்கு வருகிறேன். ஒரு முறை போனில் ஓட வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள், அந்த வாசகரும் அப்படித்தான் நினைக்கிறார். கணினியில் பத்து வருடத்துக்கு முன் வந்த பதிப்பைக்கூட இன்றைக்கு நிறுவி ஓட்டிவிட முடியும். பிளே ஸ்டோரில் அந்தக் கதை நடக்காது. ஆண்ட்ராய்டின் புதிய பதிப்பு வந்தால் அதன் விதிகளுக்கு ஏற்பச் செயலியை மாற்றியே ஆக வேண்டும் என்று கூகுள் வருடாவருடம் வரம்பை உயர்த்துகிறது. 2019 ஆகஸ்டில் எல்லாம் புதிய சிப்புகளுக்கான 64 பிட் முறையிலும் இருக்க வேண்டும் என்றார்கள். 2025 நவம்பரிலிருந்து நினைவகப் பக்கம், அதாவது போன் நினைவகத்தைப் பிரித்துக் கையாளும் துண்டு, 16 கேபியாக இருந்தாலும் ஓட வேண்டும் என்றார்கள். ஜாவாவில் மட்டும் எழுதிய சின்னச் செயலிகளுக்கு இது ஒன்றுமே இல்லை, லிப்ரே ஆபீஸ் மாதிரி சி பிளஸ் பிளஸ் மலைக்கு அத்தனை நூலகங்களையும் மறுபடி உருவாக்கிச் சோதிக்க வேண்டும். ஆப்பிள் கடையில் இடம் வைத்திருக்க வருடம் 99 டாலர், அது பெரிய தொகை இல்லை, இந்த வேலையைத் தெரிந்த ஆளின் சம்பளம்தான் பெரிய தொகை. செமஸ்டர் முடிந்ததும் மாணவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள், அடுத்த நவம்பரில் கூகுள் புது விதி போடும்போது அவர்களில் ஒருவர்கூட அந்தப் பக்கம் இருக்க மாட்டார். கல்லூரிப் ப்ராஜெக்டாகப் பிறந்து கவனிக்க ஆளில்லாமல் கடையிலிருந்து தூக்கப்பட்ட செயலிகள் ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கின்றன.

அதனால் அரசிடம் கேட்பதென்றால் சரியானதைக் கேட்போம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்து 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். நல்ல திட்டம், நான் குறை சொல்லவில்லை. அந்தப் பணத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றாலே 2 கோடி. அதை வைத்து நாலைந்து நல்ல பொறியாளர்களைச் சில வருடத்துக்கு இந்த ஒரே வேலையில் உட்கார வைக்கலாம். ‘தமிழ் ஆபீஸ்’ என்று புதுப் பெயரில் தனிச் செயலி வேண்டாம், தயவுசெய்து அதை மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள், வெளியீட்டு விழாவோடு அதன் ஆயுள் முடிந்துவிடும். இருக்கிற மூலத்திலேயே தமிழ் உள்ளீட்டுப் பிழைகளைச் சரிசெய்வது, பழைய எழுத்துரு மாற்றியைச் சேர்ப்பது, அதை உலகத்தோடு சேர்ந்து பராமரிப்பது, அவ்வளவு போதும். கோட்டூர்புரத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது, பாஸ் லினக்ஸ் என்ற இந்திய இயங்குதளத்தை உருவாக்கிய மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையிலேயே இருக்கிறது. ஆளும் இடமும் ஊரிலேயே இருக்க, இதற்கென்று ஒரு வரி பட்ஜெட்டில் எழுத என்ன தயக்கம் என்று எனக்குப் புரியவில்லை. ஜெர்மனியின் ஸ்லேஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் தன் 30,000 கணினிகளை லிப்ரே ஆபீஸுக்கு மாற்றப்போவதாக 2024-இல் அறிவித்தது, ஒரு மாநில அரசால் இப்படிப்பட்ட முடிவை எடுக்க முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

மாணவர்களை நான் ஒதுக்கவில்லை. ஒரு செமஸ்டரில் அவர்களால் முடிகிற வேலை ஒன்று இருக்கிறது, அதுவும் உருப்படியானது. கொலாபோரா செயலியை நிறுவிக்கொண்டு, தமிழ் எழுத்துகளையே நேராக அடிக்கும் தமிழ்99, ஆங்கில எழுத்தில் அடித்து மாற்றும் ஒலிபெயர்ப்பு என்று இரண்டு கீபோர்டிலும் ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். பின்னோக்கி அழியுங்கள், நடுச் சொல்லில் விரலை வைத்துத் திருத்துங்கள், கணினியில் செய்த தமிழ் அட்டவணையைத் திறந்து வரி எங்கே உடைகிறது என்று பாருங்கள். தப்பாக வருவதை எந்த போன், ஆண்ட்ராய்டின் எந்தப் பதிப்பு, எந்த கீபோர்டு என்ற விவரத்தோடு, மாதிரிப் பைலையும் ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்து அந்தத் திட்டத்தின் பிழைப் பதிவேட்டில் ஆங்கிலத்தில் எழுதிப் போடுங்கள். தமிழ் தெரியாத ஒருவர் அதைப் படித்துத் தன் மேசையில் அதே பிழையை வரவழைக்க முடிகிற அளவுக்கு விவரம் இருந்தால் அது சரியாக வாய்ப்பு உண்டு. அந்த வாசகருக்கும் இதே வேண்டுகோள், பழைய பாமினி பைல் ஏதாவது கைவசம் இருந்தால் அதில் ஆரம்பிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு மென்பொருள் பொறியாளர்,
வேளச்சேரி, சென்னை – 42